ஒரு சாண் தண்ணீர்

ஆற்றுத் துறைமுகத்தில் அவருக்குக் கோல்காரர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. இருபத்திரண்டு வருசமாகத் தினமும் காலையில் சின்னப் படகில் ஆற்று வளைவுக்குப் போவார். அடிக்கணக்கு கீறிய கோலைத் தண்ணீரில் இறக்கி ஆழம் பார்ப்பார். அதை நோட்டில் எழுதி, துறைமுக வாசலில் இருக்கும் கரும்பலகையிலும் எழுதுவார். அதைப் பார்த்துத்தான் சரக்குப்படகுக்காரர்கள் எவ்வளவு ஏற்றலாம் என்று முடிவு செய்வார்கள். அளவு மீறினால் படகு தாழ்ந்து வளைவில் தரை தட்டும்.

ஆனால் அவர் எழுதியது உண்மையான ஆழம் இல்லை. ஒரு சாண், அதாவது முக்கால் அடி, குறைத்துத்தான் எழுதுவார். வேலைக்குச் சேர்ந்த முதல் வருசம் சரியாகத்தான் எழுதினார்; ஒரு நாள் ஒரு படகு தரை தட்டி, மூட்டை சரிந்து ஒருத்தன் கால் நசுங்கியது. அன்றிலிருந்து ஆற்றுக்கென்று ஒரு சாணை ஒதுக்கிவிட்டார். வீட்டில்கூடச் சொன்னதில்லை.

துறைமுகத்தைப் பெரிசாக்கப் போகிறார்கள் என்ற பேச்சு புதிதில்லை. மூன்று தடவை வந்து அடிக்கல் நட்டார்கள். ஒரு கல்லில் டீக்கடைக்காரர் துணி காயப்போடுகிறார். நாலாவது தடவை ஆள் வந்தபோது கோல்காரர் அசையவில்லை. ஆனால் இந்தத் தடவை மேடைக்குப் பதில் ஆழம் அளக்கிற மெஷின் வந்தது, கூடவே பொறியாளர் அம்மா ஒருத்தி வந்தாள். முப்பத்தைந்து வயசு இருக்கும். முழங்கால் வரை சேற்றோடு அலைந்தாள். அதனால் கொஞ்சம் நம்பலாம் என்று பட்டது. கொஞ்சம்தான்.

திட்டத்தில் கல் துறை, இரண்டு கிரேன், தானியக் கிடங்கு. லாரியில் நாலு நாள் சுற்றிப் போகிற சிமெண்டும் உரமும் தண்ணீரிலேயே வரும். மூடிக்கிடக்கிற மாவு மில்லைத் திறக்க ஒருத்தர் காத்துக்கொண்டிருந்தார். கோல்காரருடைய மருமகன் கிரேன் ஓட்டப் படித்துவிட்டு, வேலை இல்லாமல் தூரத்து நகரத்தில் லாரி ஓட்டினான். மாசத்துக்கு இரண்டு நாள்தான் வீட்டில் சாப்பாடு. துறைமுகம் வராவிட்டால் மகளும் பேத்தியும் அவனோடு போய்விடுவார்கள். வீட்டு நடையில் இரண்டு பெட்டிகள் பாதி அடுக்கியபடி திறந்தே கிடந்தன. தண்ணி குடிக்கப் போனாலும் அவற்றைத் தாண்டித்தான் போகவேண்டும்.

ஒரு சனிக்கிழமை பொறியாளர் அம்மா அவரைக் கூப்பிட்டனுப்பினாள். மேசை முழுக்க அவருடைய பழைய நோட்டுகள்.

"உக்காருங்க ஐயா. பெரிய படகு போக ஒன்பதரை அடி வேணும். கோடைல உங்க நோட்டு ஒன்பதுன்னுதான் சொல்லுது. பத்து வருசமும் அப்படித்தான்."

"மெஷின் என்ன சொல்லுது?"

"மெஷின் முக்கால் அடி கூட சொல்லுது. ஆனா அது இன்னைக்குக் கணக்கு. போன வெள்ளத்துல அடிமண்ணு அரிச்சிருக்கும், கோடைல மறுபடி மேடாயிடும்னு மேல சொல்றாங்க. காசு போடறவங்க பத்து வருச நோட்டைத்தான் பாப்பாங்க. வியாழக்கிழமை ஃபைலை மூடிடுவாங்க." பேனாவை மூடி வைத்தாள். "நோட்டுல ஏதாவது தப்பு இருக்கா ஐயா?"

கோல்காரர் மேலே இருந்த நோட்டைப் புரட்டி மூடினார். "என் நோட்டுல தப்பு இருக்காதும்மா," என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார்.

வீட்டில் மகள் போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா, வந்துடுச்சா துறைமுகம்?"

"வரும் வரும்."

"நீங்க வரும்னு சொன்னா வராதுன்னு அர்த்தம். மழையையே அப்படித்தான் சொல்லுவீங்க." போர்வையைப் பெட்டிக்குள் அழுத்தினாள். "அவர் அங்க வீடு பாத்துட்டாராம். ஒரே ரூம். உங்களுக்கும் இடம் இருக்குன்னு சொல்லச் சொன்னார்."

"கோலை எங்க சாத்தறதாம்?"

அவள் சிரிக்கவில்லை. அவரும் அதற்காகச் சொல்லவில்லை.

மறுநாள் துறையில் அமைதியிடம் போனார். அமைதி என்பது பட்டப்பெயர். முப்பது வருசமாகச் சரக்குப்படகு ஓட்டுகிறவன், தூக்கத்திலும் வாய் ஓயாது என்று அவன் சம்சாரமே சொல்லும். அவனிடம் மட்டும் சொல்லிப் பார்க்கலாம் என்று நினைத்தார். பாதிதான் சொன்னார்.

"ஒரு சாண்தானேண்ணே?" என்றான் அமைதி, கயிற்றைச் சுருட்டிக்கொண்டே.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாம? பலகைல ஒன்பதுன்னா ஒன்பதே முக்கால்னுதான ஏத்தறோம். நான் மட்டுமா, எல்லாப் பயலும் அப்படித்தான். புதுசா எவனாவது வந்தா முதல் பாடமே அதுதான். பலகையைப் பாரு, அண்ணனோட சாணைக் கூட்டிக்கோ. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்!"

கோல்காரர் படகு விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். இருபத்திரண்டு வருசம். ஆற்றுக்கு ஒரு சாண் விட்டுவைத்திருக்கிறோம் என்று நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார். கீழே ஒரு விரல்கூட மிச்சமில்லாமல் படகுகள் போய்க்கொண்டிருந்திருக்கின்றன. ஊர் முழுக்கத் தெரிந்த பொய். காகிதத்துக்கு மட்டும் தெரியாது.

"எவனும் தட்டலையேண்ணே," என்றான் அமைதி, சமாதானமாக.

"வாயை மூடுடா."

"அது மட்டும் முடியாதுண்ணே."

"ஏத்தின சீட்டெல்லாம் வெச்சிருக்கியா? எந்தத் தேதி, எவ்வளவு எடை, படகு எவ்வளவு தாழ்ந்ததுன்னு?"

அமைதிக்கு முதல் தடவையாக வாய் அடைத்தது. சீட்டைக் காட்டினால் பலகையை மீறி ஏற்றியது வெளியே வரும். லைசென்சு போகும். கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, "எம் மவனும் உங்க மருமவனோட அங்கதாண்ணே லாரி ஓட்டறான்," என்றான்.

திங்கட்கிழமை இரண்டு பேரும் பொறியாளர் அம்மா முன்னால் நின்றார்கள். கோல்காரர் சுற்றி வளைக்கவில்லை. "நோட்டு பொய்ம்மா. எழுதினது நான். எல்லாப் பக்கத்துலயும் ஒரு சாண் கூட்டிக்கோங்க." அவள் சீட்டுகளை ஒவ்வொன்றாக நோட்டோடு ஒத்துப் பார்த்தாள். கோடையில், பலகையில் ஒன்பது என்றிருந்த நாளில், ஒன்பதரை அடிக்கு மேலேயே தாழ்ந்த படகு தட்டாமல் போயிருந்தது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, நூற்றுக்கணக்கான நாள்.

"உங்க மேல நடவடிக்கை வரும் ஐயா. நான் தடுக்க முடியாது."

"தெரியும். எங்க கையெழுத்துப் போடணும்?"

வியாழக்கிழமை ஃபைல் மூடவில்லை. அடுத்த மாசம் கல்லும் கம்பியும் வந்து இறங்கின. மாவு மில்லுக்கு வெள்ளையடித்தார்கள். டயர் கடை ஒன்று, சாப்பாட்டுக் கடை இரண்டு. மருமகனுக்குக் கிரேன் வேலைக்கு ஆர்டர் வந்தது. மகள் பெட்டியைக் காலி செய்தாள். அப்பாவின் சட்டைகளை மட்டும் இன்னொரு தடவை துவைத்துப் போட்டாள். அமைதிக்கு ஆறு மாசம் லைசென்சு நிறுத்தம். கோல்காரருக்கு ஒரே வரியில் கடிதம்: இனி வரவேண்டாம்.

வந்தது வளர்ச்சியா என்னவோ, தூசிதான் முதலில் வந்தது. அதைப் பற்றி அவரிடம் கேட்டால், பார்ப்போம் என்பார்.

வேலை போன இரண்டாவது நாள் வாசல் பக்கம் போனார். பலகைக்குப் பதில் மெஷினோடு சேர்ந்த விளக்குப் பெட்டி. பத்தேகால் என்று சிவப்பில் எரிந்தது. சரியான ஆழம். அங்கே நின்ற படகுக்காரன் ஒருத்தன் விரல்விட்டு எண்ணி, "அப்ப பதினொண்ணு," என்று சுமைக்காரர்களிடம் கத்தினான்.

கோல்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "கூட்டாதடா! பத்தேகால்னா பத்தேகால்தான்!"

"உங்க சாணு?"

"இல்ல. எடுத்தாச்சு."

அவன் அவரை மேலும் கீழும் பார்த்தான். "நீங்க சொல்றதை எப்படிண்ணே நம்பறது?"

கோலை எடுத்து வந்தார். அவனையே சின்னப் படகில் ஏற்றி வளைவுக்குக் கூட்டிப் போய்க் கோலை இறக்கிக் காட்டினார். நம்பினான். கரையில் இன்னும் பதினாலு படகு நின்றது. முட்டி வலித்தது. அடுத்தவனைக் கூப்பிட்டார்.