நகர்ந்துபோன ஆறு மணி

நோயாளிக் கட்டில், சக்கர நாற்காலி, ஊன்றுகோல் எல்லாம் வாடகைக்கு விடும் அந்த நிறுவனத்துக்கு இரண்டு கடைகள்: மேட்டுக் கடை, ஆற்றங்கரைக் கடை. இரண்டுக்கும் தனித்தனித் தரவுத்தளம். நடுவிலிருக்கும் இணைப்பு நினைத்தால் வரும், நினைத்தால் போகும். அதனால் ஒரு கடையில் பதிவதெல்லாம் வரிசையில் காத்திருந்து, தினமும் காலை ஆறு மணிக்கு மொத்தமாக மற்றக் கடைக்குப் போய்ச் சேரும். இந்த ஏற்பாட்டைச் செய்தவள் மேட்டுக் கடையின் தரவுத்தளக்காரி. செய்ததோடு விட்டாளா? பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டாள்.

அவளுடைய அப்பா இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு ஒரு மாதமாக ஆஸ்பத்திரியில் கிடந்தார். இன்று நாலு மணிக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஆறடி மனிதர், யார் தயவிலும் வாழ்ந்து பழக்கமில்லை. "என்னை யாராவது மூட்டை மாதிரி தூக்கறதா இருந்தா நான் வீட்டுக்கே வரலை" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

அதற்குத்தான் மோட்டார் கட்டில். பொத்தானை அழுத்தினால் ஆளை அதுவே எழுப்பி உட்காரவைக்கும். நிறுவனத்தில் இருப்பதே ஒன்று, அதுவும் ஆற்றங்கரைக் கடையில். நேற்றுச் சாயங்காலம் மேட்டுக் கடையில் தன் பெயரில் பதிந்துவைத்தாள்.

"ஒரு போன் போட்டுச் சொல்லிடேன்" என்றான் அண்ணன்.

"எதுக்குண்ணா? காலையில ஆறு மணிக்குத் தானாப் போய்ச் சேந்துடும். நான் எழுதினது தப்புமா?"

தப்பியது.

காலை பத்தரைக்கு ஆற்றங்கரைக் கடை மேலாளர் அக்கா போனில் கூப்பிட்டார். "ஏம்மா, மோட்டார் கட்டிலை ஒன்பதேகாலுக்கே ஒரு டீச்சர் வீட்டுக்கு அனுப்பிட்டேன். இப்பப் பாத்தா அந்தப் பதிவு ரத்துன்னு காட்டுது. நேத்தே உன் பேர்ல இருக்காம். இது எங்கேர்ந்து முளைச்சுது?"

அவள் நேர அட்டவணையைத் திறந்தாள். 'தினமும் ஆறு மணிக்கு' என்று எழுத வேண்டிய இடத்தில், 'போன தடவை முடிந்ததிலிருந்து இருபத்து நாலு மணி நேரம் கழித்து' என்று எழுதியிருந்தாள். அனுப்பி முடிக்கப் பத்து நிமிடமாகும். ஆக நாளுக்குப் பத்து நிமிடமாக அந்த ஆறு மணி சத்தமில்லாமல் நகர்ந்து, இருபத்தைந்து நாளில் பத்து மணி பத்து நிமிடத்துக்கு வந்து நின்றிருந்தது. கடை திறப்பதோ ஒன்பது மணிக்கு. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வதென்றால் இதுதான்.

"முந்திப் பதிஞ்சவங்களுக்குத்தான் பொருள்னு நீ எழுதின விதிதானே?" என்றார் மேலாளர். "அதுப்படி கட்டில் உன்னோடது. வண்டியைத் திரும்ப அனுப்பி எடுத்துட்டு வரச் சொல்லட்டுமா?"

"அந்த டீச்சருக்கு என்னக்கா?"

"முதுகுல ஆபரேஷன். கூட ஒரு பொண்ணு மட்டும்தான். இந்நேரம் படுக்க வெச்சிருப்பாங்க."

சொல்லிவிடலாம். விதி அவள் பக்கம்தான். ஆனால் பிசகும் அவளுடையதாயிற்றே. அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"வேண்டாங்க்கா. ரத்தை நானே கையால மாத்திடறேன். அவங்ககிட்டயே இருக்கட்டும்."

மாற்றினாள். அட்டவணையையும் திருத்தினாள். அப்பாவிடம் என்ன சொல்வது என்பதைத்தான் எங்கே திருத்துவதென்று தெரியவில்லை.

வீட்டு வாசலில் வண்டி வந்து நின்றதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "கட்டில் வந்தாச்சா?"

சுற்றி வளைக்காமல் நடந்ததைச் சொன்னாள். "என் தப்புப்பா. அடுத்த வாரந்தான் கிடைக்கும். அதுவரைக்கும் நானும் அண்ணாவும்தான் தூக்கணும்."

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணன் செருப்பைப் பார்த்தான். பிறகு அப்பா மெதுவாகக் கையை எடுத்து அவள் கழுத்தைச் சுற்றிப் போட்டார்.

"தூக்கித் தொலைங்க."

அண்ணன் கால்பக்கம் பிடித்துக்கொண்டான். ஆறடி ஆளாயிற்றே என்று அவள் பல்லைக் கடித்து, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு தூக்கினாள். அவ்வளவு பலம் தேவைப்படவே இல்லை. இந்த ஒரு மாதத்தில் மனிதர் பாதியாகியிருந்தார்.

"ரொம்பக் கனக்கறேனா?" என்றார் அப்பா, தயங்கித் தயங்கி.

"அப்பப்பா, முதுகே போச்சு" என்று பொய் சொன்னாள்.

அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.