அலிசி கொண்டுபோன கூடை

எங்கள் ஆசிரியர் அறையில் "பாவம்" என்ற சொல்லுக்குத் தண்டனை உண்டு. எந்தப் பிள்ளையைப் பற்றியாவது அந்தச் சொல் யார் வாயிலிருந்து வருகிறதோ, அன்றைக்கு எல்லோருடைய தேநீர்க் கோப்பைகளையும் கழுவுவது அவர் வேலை. புதிதாக வந்த தலைமையாசிரியை ரோவீனா போட்ட சட்டம் அது. வந்த முதல் வாரமே அலமாரிக் கதவின் உள்பக்கம் நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளின் புகைப்படங்களையும் ஒட்டி, வாசிப்பில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று மேலிருந்து கீழாக வரிசைப்படுத்திவிட்டாள். புதன்கிழமைதோறும் பள்ளி விட்டதும் ஆளுக்கொரு படத்தைக் கையில் எடுத்து, இந்தப் பிள்ளைக்கு அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லியாக வேண்டும். "தங்கமான பொண்ணு, பாவம், வீட்டுல கஷ்டம்" என்று நான் ஆரம்பித்ததுமே மற்றவர்கள் சிரித்துவிடுவார்கள். அந்த ஆகஸ்டுக்குள் நான் கழுவாத கோப்பை அந்த அறையில் கிடையாது. இருபத்தாறு வருடமாக இந்த ஆற்றங்கரை ஊரில் பாடம் நடத்துகிறவள் நான். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள் வந்து எனக்குப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லித்தருவதா என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டேதான் கழுவினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை கேண்டீனை நடத்தும் பெவ்வுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மாற்று ஆள் இல்லை. ரோவீனாவே ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, கேண்டீனில் சாப்பாட்டுப் பண்டங்களைச் சூடாக்கப் போய் நின்றாள். மதியச் சாப்பாடு வேண்டிய பிள்ளைகள் காகிதப் பையில் பெயரையும் வேண்டியதையும் எழுதி வகுப்புக் கூடையில் போடுவார்கள். காலையில் முதல் பாடவேளை தொடங்கியதும் வகுப்புக்கு ஒரு பிள்ளை அந்தக் கூடையைக் கேண்டீனில் கொண்டுபோய்க் கொடுக்கும். எனக்குத் தெரிந்த நாளிலிருந்து இப்படித்தான் நடக்கிறது.

மறுநாள் புதன்கிழமைக் கூட்டத்தில் அவள் யாரையும் பேசச் சொல்லவில்லை. அலமாரியைத் திறந்து, கடைசி வரிசையிலிருந்து ஐந்து படங்களைப் பிய்த்து மேஜைமேல் வைத்தாள்.

"அஞ்சு வகுப்பு, அஞ்சு கூடை. நேத்து கேண்டீனுக்குக் கொண்டுவந்தது இவங்க அஞ்சு பேரும்தான். நாம யாரும் பேசி வெச்சுக்கல, இல்லையா? ஆனா அஞ்சு டீச்சரும் ஒரே மாதிரி யோசிச்சிருக்கோம்."

கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. பிறகு ஒவ்வொருவராகப் புரிந்துகொண்டோம். எங்கள் பள்ளியில் முதல் பாடவேளை வாசிப்பு நேரம்.

என் முன்னால் இருந்த படம் அலிசியுடையது. ஒன்பது வயது, டோங்கா தீவிலிருந்து வந்த குடும்பம். அம்மா லுபேவுக்கு எங்கள் ஊரின் ஜூன், ஜூலை, ஆகஸ்டு குளிர்காலத்தில் திராட்சைத் தோட்டங்களில் கொடிகளைக் கவாத்து செய்யும் வேலை, கோடையில் பழம் பறிக்கும் வேலை. மூன்றும் நாலும் சேர்ந்த வகுப்பு என்னுடையது என்பதால் இரண்டு வருடமாக அவள் என்னிடம்தான் இருக்கிறாள். வந்த புதிதில் ஒருநாள் வாசிக்கச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டாள், கண் நிறைந்துவிட்டது. போதும் கண்ணு, உட்கார் என்றேன். அதற்குப் பிறகு நான் அவளைக் கேட்கவே இல்லை. கையில் மெல்லிய புத்தகங்களாகக் கொடுத்தேன், ஜன்னலோரம் இடம் கொடுத்தேன், கூடையைக் கொடுத்தேன். கூடையை வாங்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். பைகளையெல்லாம் பெயர் தெரிகிற மாதிரி நேராக அடுக்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போவாள். திரும்பி வந்து சத்தமில்லாமல் கதவைச் சாத்தும்போது நாங்கள் புத்தகங்களை மூடியிருப்போம். அதைப் பிரியம் என்று நினைத்திருந்தேன். இப்போதும் பிரியம் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"பாவம்னுதான்..." என்றேன். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை கூடையை ஜார்ஜியாவிடம் கொடுத்தேன். வகுப்பிலேயே வேகமாக வாசிக்கிறவள் அவள், இருபது நிமிடம் போனால் குடி முழுகாது. ஏற்கெனவே கூடைக்காக எழுந்து நின்றிருந்த அலிசி மெதுவாக உட்கார்ந்தாள். நான் கூப்பிட்டதும் வாசிப்பு மேஜைக்கு வந்தாள். புத்தகத்தைத் திறந்தாள், வாயைத் திறக்கவில்லை. பக்கத்தின் மேல் கண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

வெள்ளிக்கிழமை மணி அடிப்பதற்கு முன்பே லுபே வகுப்பு வாசலில் நின்றாள். தோட்டத்துக்குப் போகிற உடுப்பு, இடுப்பில் சொருகிய கையுறை, கையில் அலுமினியத் தாள் போர்த்திய தட்டு. சேம்பிலையில் தேங்காய்ப்பால் விட்டு இறைச்சியைப் பொதிந்து சுட்டது, மணம் முன்னால் வந்தது.

"மிஸ், எம் பொண்ணு என்ன தப்பு பண்ணினா? கூடையைத் தொலைச்சிட்டாளா? கேட்டா அழுறாளே தவிர வாயத் தொறக்க மாட்டேங்குறா. சின்னப் பொண்ணு, மன்னிச்சுக்கங்க."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சமைத்து எடுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறாள்.

"அவ ஒரு தப்பும் பண்ணலம்மா. தப்பு என்னோடது" என்று எல்லாவற்றையும் சொன்னேன். மற்றவர்கள் வாசிக்கும்போது உங்கள் பெண்ணை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தேன், அவளால் முடியாது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது.

"ரெண்டு வருஷமாவா?"

"ரெண்டு வருஷமா."

லுபே தட்டை மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"மே மாசம் எங்க சர்ச்சுல பிள்ளைங்க ஞாயிறு வரும், மிஸ். நாலு வயசுலேருந்து எல்லாப் பிள்ளையும் சபை முன்னாடி வேத வசனம் ஒப்பிக்கணும். மறந்துபோனா அழும். அழட்டும்னு இருப்போம். உக்காருன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டோம். தாத்தா, பாட்டி, பாஸ்டர், எல்லாரும் காத்துக்கிட்டு இருப்போம். அழுது முடிச்சிட்டு மிச்சத்தச் சொல்லும். இந்த வருஷம் அலிசி முப்பது வசனம் சொன்னா. நடுவுல ரெண்டு தடவை நின்னு போயிட்டா." அவள் தரையைப் பார்த்துக்கொண்டே, ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டாள். "நீங்க எவ்வளவு நேரம் காத்திருந்தீங்க, மிஸ்?"

வாசிக்கச் சொன்ன அந்த ஒரு நாளை நினைத்துப் பார்த்தேன். பத்து விநாடி இருக்குமா? அதுகூட இருக்காது.

என் பதிலுக்கு அவள் நிற்கவில்லை. தட்டை என் கையில் திணித்துவிட்டு, "சூடா இருக்கும்போதே சாப்பிட்டுருங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் யாரும் சொல்லாமலே கோப்பைகளைக் கழுவினேன். ரோவீனா பக்கத்தில் வந்து நின்று துடைக்க ஆரம்பித்தாள்.

"நோலீன், எம் மேல கோவமா இருக்கீங்க."

"ஆமா."

"எல்லார் முன்னாடியும் படத்தைப் பிச்சு வெச்சிருக்கக் கூடாது. உங்ககிட்டத் தனியா சொல்லியிருக்கணும்." ஒரு கோப்பையைத் துடைத்ததையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். "எனக்கு அவசரம். ஆறாவது முடிச்சா அந்தப் பொண்ணு போயிடுவா. இன்னும் ரெண்டரை வருஷம்தான் நம்மகிட்ட இருக்கு."

"என் கையாலயே ரெண்டு வருஷத்தத் தொலைச்சிட்டேன்."

"இல்லன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றாள் ரோவீனா. இவளை எனக்குப் பிடித்துப்போனது அப்போதுதான். லுபேயின் தட்டில் மிச்சமிருந்த பொதியை இரண்டாகப் பிய்த்து, நின்றபடியே தின்றோம்.

திங்கட்கிழமை நல்ல குளிர். ஜார்ஜியா காய்ச்சல் என்று வரவில்லை. கூடை நிறைந்து வாசலருகே இருந்தது. அலிசி அதை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் வாசிப்பு மேஜையைக் காட்டினேன்.

அங்கே மெல்லிய புத்தகம் இல்லை. மற்ற பிள்ளைகள் வாசிக்கும் அதே புத்தகம், வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படும் ஒரு ஆட்டுக்குட்டியின் கதை, அவளுக்கும் ஒன்று வைத்திருந்தேன். "உன்னால முடியும்னு நான் நம்புறேன். தப்பு வந்தாலும் பரவால்ல, நான் எங்கயும் போக மாட்டேன்" என்றேன். அவள் முதல் வரியை வாசித்தாள். குரல் எனக்கே எட்டவில்லை, ஆனால் வாசித்தாள். இரண்டாவது வரி. மூன்றாவது வரியின் நடுவில் ஒரு நீளமான சொல் வரவும் நின்றாள்.

அந்தச் சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. இருபத்தாறு வருடமாக எடுத்துக் கொடுத்தே பழகிய நாக்கு. பற்களைக் கடித்துக்கொண்டேன். பக்கத்திலிருந்த பிள்ளைகள் அவளைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், ஒருவன் சொல்ல வாயெடுத்தான், விரலைக் காட்டி அடக்கினேன். அவள் கண் நிறைந்தது. அழட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். எனக்கும்தான் கண் நிறைந்தது.

சுவர்த் தொலைபேசி அடித்தது. இடுப்பு தேறி கேண்டீனுக்குத் திரும்பிவிட்ட பெவ்தான், கூடை எங்கே என்று கேட்பாள். அது அடித்து ஓய்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அடித்தது. அலிசி புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். விரல் அந்தச் சொல்லின் கீழிருந்து நகரவில்லை. உதடுகள் ஒன்றுசேர்ந்தன, பிரிந்தன, மறுபடியும் ஒன்றுசேர்ந்தன. வாசலருகே கூடை வைத்த இடத்திலேயே இருந்தது. நான் காத்துக்கொண்டு நின்றேன்.