கிறகோரியின் புது நம்பர்

குருநகரில் அந்த வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு பெர்னடெட் பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தபோது, அவள் புருசன் கிறகோரி கட்டில் விளிம்பில் இருந்து போனை அழுத்திக்கொண்டிருந்தார். மூன்று நாளுக்கு முன் திருக்கை முள் ஏறி வீங்கிய காலை நிலத்தில் ஊன்றியிருந்தார். அந்த நோவுகூட அவருக்குத் தெரிந்ததாக இல்லை.

என்ன நடந்தது என்று கேட்டாள். அவர் போனைத் திருப்பிக் காட்டினார். தனியாகக் கடலுக்குப் போயிருந்த மகன் டினேஸ் ஆறு மணிக்குச் சற்று முன்னும் பின்னுமாக இரண்டு தரம் அழைத்திருந்தான். கீழே ஒரு வரி கிடந்தது: "அப்பா என்ஜின் நிண்டிட்டுது, போட் அடி வெடிச்சுத் தண்ணி ஏறுது, நிக்கிற இடம் அனுப்பியிருக்கிறன்." அதன் கீழே லொக்கேஷன் வந்திருப்பதற்கான சின்ன அடையாளம். பூட்டிய திரையில் தெரிந்தது அவ்வளவுதான். கால் நோவுக்குப் போட்ட குளிசை கிறகோரியை நன்றாகத் தூங்க வைத்திருந்தது.

"திறவுங்கோவன்."

"நம்பர் வருகுதில்லை, பெர்னடெட்."

போன வாரம்தான் போனைத் திறக்கிற நம்பரை மாற்றியதாகச் சொன்னார். எழும்பியதும் இந்த வரியைக் கண்டு நினைவில் வந்ததையெல்லாம் அழுத்திவிட்டார். ஐந்து தரம் பிழையாக அழுத்தியபின் போன் முப்பது வினாடி பொறுக்கச் சொல்லியது. பிறகு ஒரு நிமிடம். இப்போது ஐந்து நிமிடம். விரல் ரேகையைப் பதிந்து வைக்கவும் வழியில்லை. நாற்பது வருசம் வலை இழுத்த கையில் ரேகை எங்கே இருக்கிறது?

பெர்னடெட் தன் பட்டன் போனை எடுத்து மகனுக்கு அடித்தாள். மணி போகவேயில்லை. பக்கத்து வீட்டு ஜெறோமைக் கூப்பிட்டாள். அவர் விசயத்தைக் கேட்டதும் மேலும் ஒரு கேள்வி கேட்காமல் இறங்குதுறைக்கு ஓடி, தன் போட்டில் எண்ணெய் ஊற்றி ஆயத்தமாக நின்றார். மீனவர் சங்கத்துக்காரர் கடற்படைக்குச் சொன்னார்கள். எல்லாரும் திருப்பிக் கேட்டது ஒன்றைத்தான்: எந்தப் பக்கம்? நெடுந்தீவுப் பக்கமா, எழுவைதீவுப் பக்கமா? டினேஸ் எங்கே வலை விடப்போகிறான் என்று வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வேறு எழும்பத் தொடங்கியிருந்தது. முற்றத்து முருங்கை ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது.

தெருவுக்கு ஓடி, சந்தியில் போன் கடை வைத்திருக்கும் பார்த்தீபனை வழியில் பிடித்துக் கேட்டாள். போனைத் தன்னால் திறக்கமுடியும் என்றும், ஆனால் திறந்தால் உள்ளே இருப்பது முழுக்க அழிந்துவிடும் என்றும் சொன்னான். சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டாலும் வந்து கிடக்கும் செய்தி அதோடு வராதாம். நம்பர் ஒன்றுதான் வழி.

அவள் திரும்பி வந்தபோது அவர் இன்னொரு தரம் பிழையாக அழுத்தி, போன் மறுபடி ஐந்து நிமிடம் பொறுக்கச் சொல்லியிருந்தது. அவள் கட்டிலுக்கு முன்னால் நிலத்தில் இருந்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, என்னத்தை நினைத்து அந்த நம்பரைப் போட்டார் என்று ஆறுதலாகக் கேட்டாள். பிறந்த திகதியா, போட்டின் பதிவு இலக்கமா, கலியாணம் முடித்த வருசமா? எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி இல்லை என்றார். அவளுடைய முகத்தை அவர் பார்க்கவில்லை.

"ஏன் மாத்தினனீங்கள் எண்டாவது சொல்லுங்கோ."

கிறகோரி வீங்கிய காலை மெல்லக் கட்டிலில் தூக்கி வைத்தார்.

"ஜெசிதாவுக்குப் பிள்ளை பிறந்திருக்கு. பொம்பிளைப் பிள்ளை. படம் அனுப்பிறவள். நீ கண்டால் சண்டை வருமெண்டு மாத்தினனான்."

ஜெசிதா அவர்களின் மூத்த மகள். சண்டிலிப்பாயில் தோட்டம் செய்யும் வீட்டுப் பெடியன் நிருஷனை, கோயிலுமில்லை மாதா சாட்சியுமில்லை என்று பெர்னடெட் குளறக் குளற, பதிவுக் கையெழுத்து வைத்துக் கலியாணம் முடித்தவள். இரண்டு வருசமாகத் தாயும் மகளும் கதைக்கவில்லை. தகப்பன் கதைத்துக்கொண்டிருக்கிறார் என்பதே பெர்னடெட்டுக்கு இப்போதுதான் தெரிந்தது.

கோபப்பட அவளுக்கு நேரமில்லை. "அதுக்கும் நம்பருக்கும் என்ன?"

"பிள்ளையின்ரை பாரம். கிலோவும் கிராமும். அதைத்தான் போட்டனான். இரண்டு எண்டு தொடங்கிறது தெரியுது. மிச்சம் வருகுதில்லை."

ஜெசிதாவின் போன் நம்பர் பூட்டிய போனுக்குள் இருந்தது. ஆனால் பெர்னடெட்டின் பட்டன் போனிலும் இருந்தது. அழிக்க வேண்டும் என்று எத்தனையோ தரம் நினைத்தும் அவள் அழிக்கவில்லை. அழுத்தினாள். எடுத்தது ஓர் ஆண் குரல்.

"நான் ஜெசிதாவின்ரை அம்மா" என்றாள். பிறகு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

"போனை வையாதேங்கோ மாமி, அவளிட்டைக் குடுக்கிறன்" என்றான் நிருஷன்.

ஜெசிதாவும் அம்மாவிடம் வேறு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு எண்ணூறா, இரண்டு தொளாயிரமா என்று தனக்கே குழப்பமாக இருக்கிறது, பாரம் குறித்த கிளினிக் கொப்பியைப் பார்த்துச் சொல்கிறேன் என்றாள். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. பைகளை உதறும் சத்தம். எங்கேயோ குழந்தை வீரிட்டு அழுதது. பெர்னடெட் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, கிறகோரியின் போனில் பொறுக்கச் சொன்ன ஐந்து நிமிடம், நாற்பது வினாடியாகக் குறைந்து, பத்தாகக் குறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இரண்டு எட்டு ஐஞ்சு பூச்சியம்."

பெர்னடெட் போனை வாங்கித் தானே அழுத்தினாள். திறந்தது. திரை முழுக்க, கண்ணை இறுக மூடிய ஒரு சிவந்த முகம். அதை அவள் ஒரு கணம் பார்த்தாள், உடனே தள்ளிவிட்டு டினேஸ் அனுப்பியதைத் திறந்தாள். நெடுந்தீவுக்குத் தெற்கே கடலில் ஒரு புள்ளி.

போனை எடுத்துக்கொண்டு இறங்குதுறைக்கு ஓடினாள். ஜெறோம் புள்ளியைப் பார்த்தார், காற்றைப் பார்த்தார். ஆறு மணிக்கு அங்கே நின்றவன் இந்நேரம் வடகிழக்கே இழுபட்டிருப்பான் என்று சொல்லிக்கொண்டே கயிற்றை அவிழ்த்தார்.

அதன் பிறகு மூன்று மணித்தியாலம். கடற்கரை மணலில் இருந்து அவள் செபமாலை சொன்னாள். எத்தனையாவது மணியில் நிற்கிறாள் என்பதை அடிக்கடி மறந்து, மறுபடி முதலில் இருந்து தொடங்கினாள். பதினொன்றரைக்கு ஜெறோம் அழைத்தார். போட் பாதிக்கு மேல் தண்ணிக்குள் தாண்டுபோய்விட்டது என்றார். டினேஸ் வெறும் எண்ணெய்க் கானைக் கட்டிப்பிடித்தபடி விளிம்பில் கிடந்திருக்கிறான். காலை முழுக்கத் தண்ணி இறைத்ததில் கை புண்ணாகிப்போயிருக்கிறது. உயிருக்கு ஒன்றுமில்லை.

பெர்னடெட் வீட்டுக்கு ஓடிப்போய்க் கிறகோரிக்குச் சொன்னாள். பிறகு சண்டிலிப்பாய்க்கு அடித்தாள்.

"தம்பி கிடைச்சிட்டான், பிள்ளை."

மறுமுனையில் ஜெசிதா அழுதாள். பெர்னடெட் அவள் அழுது முடியும்வரை காத்திருந்தாள்.

"காலமை பிள்ளை அப்பிடிக் கத்தினது" என்று கேட்டாள், "பசியிலையோ, வயித்துக் குத்தோ?"