வால்வுக்கும் ஒரு பொட்டு

விடிந்ததும் பல்கூடத் துலக்காமல் பூர்ணேஷ் மோட்டார் சைக்கிளின் பின் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். விரல் உள்ளே போனது. நேற்றுச் சாயங்காலம் கல்லாக இருந்த டயர். வீட்டுக்குள் மனைவி வினுதா நிறைமாத வயிற்றோடு சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தாள். இன்றைக்கோ நாளைக்கோ என்று நர்ஸம்மா சொல்லிவிட்டாள். கொப்பா ஆஸ்பத்திரிக்குப் போகும் மலைப்பாதையில், நடுக்காட்டில், அவளோடு வண்டி படுத்துவிட்டால்?

போன வாரம்வரை இந்தக் கவலையே இல்லை. முற்றத்தின் அந்தப் பக்கம் அண்ணன் தர்மப்பாவின் வீடு, வாசலில் அவர் ஜீப். துணைக்கு வருவதாக அண்ணியும் சொல்லியிருந்தாள். பஞ்சர் கடைக்காரன் வால்வைக் கையில் பிடித்துக்கொண்டு ட்யூபைத் தொட்டித் தண்ணீரில் முக்கி முக்கிப் பார்த்துவிட்டு, "ஓட்டையே இல்ல மாராயா, யாரோ காத்த எறக்கி விடுறாங்க" என்றதுதான் வினை. அண்ணனோடு இருந்த பாக்குத்தோட்ட வேலித் தகராறு ஏற்கெனவே மனதில் புகைந்துகொண்டிருந்தது. நேரே போய், காற்றை இறக்கும் திருடன் நீதானே என்று அண்ணன் முகத்துக்கு முன்னால் கேட்டே விட்டான். அண்ணி கதவைச் சாத்தினாள்.

காற்றடித்துவிட்டு நிமிர்ந்தால் தர்மப்பா எதிரில் நிற்கிறார்.

"தள்ளு."

"நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்துக் கிழிச்சது போதும். திருடன்னியே, திருடனே கண்டுபிடிச்சுத் தர்றேன்."

குந்தி உட்கார்ந்து, மூடியில்லாத வால்வின் வாயில் எச்சிலைத் தொட்டு வைத்தார். இரண்டு தலைகளும் குனிந்தன. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மெல்ல ஒரு குமிழி எழும்பியது. சிவப்பாக இருந்தது.

"என்னடா இது, ரத்தமாட்டம்?"

பூர்ணேஷுக்குப் புரிந்துவிட்டது. பிரசவம் நல்லபடியாக முடியவேண்டுமே என்று ஆயுத பூஜையன்று வண்டியில் ஓர் இடம் விடாமல் குங்குமம் அப்பியவன் அவனேதான். வால்வையும் விடவில்லை. அதன்மேலேயே பம்பை வைத்து அடித்ததில் அத்தனையும் உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது. வெட்கத்தில் காதுமடல் சுட்டது.

"வால்வுக்குமா பொட்டு வெச்சே?"

"வெச்சேன்."

தர்மப்பாவின் மீசை ஒரு கணம் துடித்தது. ஆனால் சிரிக்கவில்லை.

"அண்ணா, அன்னிக்கு நான்..."

"பேசாத."

எழுந்து போய் ஜீப்பைக் கிளப்பினார். இன்றைக்குப் பார்த்து எங்கே கிளம்புகிறார்? போகாதே என்று கேட்க எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? ஜீப் பின்னால் வந்தது, முன்னால் போனது, சேற்றில் உறுமிக்கொண்டு முழுசாகத் திரும்பி, பழைய இடத்திலேயே நின்றது. தர்மப்பா இறங்கி, அவன் பக்கம் திரும்பாமல் உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

ஜீப்பின் முகம் இப்போது ரோட்டைப் பார்த்திருந்தது. சாவி அதிலேயே தொங்கி ஆடிக்கொண்டிருந்தது.