ரேஷன் கார்டில் உள்ளபடி

இருதயசெல்வியின் கடைக்கு யார் வந்து உட்கார்ந்தாலும் அவள் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி ஒன்றுதான். "ரேஷன் கார்டுல பேரு எப்பிடி இருக்குது?" சாதிச் சான்றோ, பாஸ்போர்ட்டோ, பரீட்சை விண்ணப்பமோ, பெயர்க் கட்டத்துக்குள் அதில் உள்ளது உள்ளபடி போக வேண்டும். ஒரு புள்ளி மாறினாலும் விண்ணப்பம் திரும்பி வரும், ஆள் மறுபடி வந்து அவள் உயிரை எடுப்பான். திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே மூன்று கம்ப்யூட்டர்களை வைத்துக்கொண்டு பதினோரு வருஷமாக அந்தக் கட்டத்தை நிரப்பியதில், மூளையைக் கேட்காமலேயே விரல்கள் அந்த வேலையைச் செய்யப் பழகியிருந்தன. அந்தப் பழக்கம்தான் 2012-இல் ஒரு செவ்வாய்க்கிழமை குமரேசனின் வலது கையைத் தின்றது.

குமரேசன் கிளியனூர்க்காரன். ரெண்டு ஏக்கர் கொல்லை, அதில் நிலக்கடலை, ஊர்ப் பேச்சில் மல்லாட்டை. கொல்லையை ஒட்டி கிருஷ்ணசாமியின் கல் குவாரி. சொன்ன நேரத்துக்கு வெடி வைக்கிற வழக்கமெல்லாம் அங்கே கிடையாது, நினைத்தால் வைப்பார்கள். அப்படி ஒருநாள் காலையில் வைத்ததில் தேங்காய் அளவுக்கு ஒரு கல் பறந்து வந்து, கூலிக்குக் களை வெட்டிக்கொண்டிருந்த அம்சாவின் மண்டையில் இறங்கியது. பக்கத்துப் பாத்தியில் நின்ற குமரேசன் ஓடிப்போய்த் தூக்கியபோது தலையின் பின்பக்கம் அவன் உள்ளங்கைக்குள் கொழகொழவென்று இருந்தது. வெயிலில் மயங்கி விழுந்து செத்தாள் என்று காகிதத்தில் எழுதிவிட்டார்கள். அம்சாவின் வீட்டார் வாயைத் திறக்கவில்லை. குமரேசன் திறந்தான், ஆனால் வேறு பெயரில்.

செவ்வாய்தோறும் செல்வியின் கடைக்கு வந்து மூலைக் கம்ப்யூட்டரில் உட்காருவான். ஒற்றை விரலால் தட்டித் தட்டி இணையத்தில் ஒரு பிளாக் எழுதுவான். போனில் பிடித்த படங்களைச் செல்வி ஏற்றித் தருவாள். வெடித்த வீட்டுச் சுவர், வற்றிய கிணறு, அம்சா விழுந்த பாத்தி. எழுதியவர் பெயர் 'மல்லாட்டை'. நூற்று நாற்பத்து மூன்று பதிவுகள். குவாரி லாரி ஓட்டுகிறவன் முதல் பாண்டிச்சேரி காலேஜ் பிள்ளைகள் வரை படித்தார்கள். கிருஷ்ணசாமியும் படித்தான், அதுதான் வம்பு.

"யார்றா அந்த மல்லாட்டை?" என்று அவனுடைய ஆட்கள் ஊர் ஊராய்க் கேட்டுத் திரிந்தார்கள். அவர்களுக்குத் தலைவன் பச்சைமுத்து. சந்தேகத்தின் பேரில் டீக்கடை பெரியதம்பியைப் பிடித்து, கடை பெஞ்சு விளிம்பில் வாயை வைக்கச் சொல்லி, பின்கழுத்தில் மிதித்தான். மூன்று பற்கள் போயின. அந்த மனுஷனுக்குக் கையெழுத்தே போடத் தெரியாது. உண்மை தெரிந்தவர்கள் மூன்றே பேர்: குமரேசன், அவன் பெண்டாட்டி சித்ரா, செல்வி.

அடித்துப் பார்த்து ஆகாததால் வேறு வழியில் வந்தார்கள். பிளாக் நடத்தும் கம்பெனிக்கு, இது ஆபாசம், இது அவதூறு என்று நூறு புகார். மூட வேண்டியிருக்கும் என்று எச்சரிக்கை வந்தது. செல்விதான் யோசனை சொன்னாள்.

"இரவல் வூட்ல எதுக்குண்ணா குந்திக்கினு இருக்கணும்? சொந்தமா ஒரு சைட்டு போட்டுக்கலாம். பழசுல இருக்கிற மொத்தத்தையும் ஒரே ஃபைலா இறக்கி, புதுசுல இம்போர்ட் பிளகின்னு ஒண்ணு இருக்குது, அதுல குடுத்தா அதுவே எல்லாத்தயும் அடுக்கிடும்."

"என் பேரு எங்கியும் வராதில்ல?"

"வராதுண்ணா. நான் பாத்துக்குறேன்."

அந்த வருஷம் கரண்ட் வந்து போகிற விருந்தாளியாக இருந்தது. பன்னிரண்டு மணிக்குப் போனால் இரண்டுக்குத்தான் திரும்பும். அந்தச் செவ்வாய்க்கிழமை செல்வி பதினொன்றரைக்கு உட்கார்ந்தாள். பழைய பிளாக்கில், இன்று முதல் புது விலாசம் என்று ஓர் அறிவிப்புப் போட்டாள். மொத்தப் பதிவையும் ஃபைலாக இறக்கினாள். புது சைட்டில் எழுதுகிறவருக்கு ஒரு கணக்குத் திறக்க வேண்டும். பெயர் என்று ஒரு கட்டம் வந்தது. குமரேசனின் பட்டா மாறுதலுக்காக வாங்கிய ரேஷன் கார்டு ஜெராக்ஸ் ஒரு வாரமாக மேசையிலேயே கிடந்தது. கண் அதைப் பார்க்க, விரல் நிரப்பிவிட்டது.

அடுத்து பிளகின் கேட்டது: ஃபைலில் எழுதியவர் மல்லாட்டை, இவருடைய பதிவுகளை இங்கே யார் பெயரில் போடட்டும்? பட்டியலில் இருந்தது ஒரே ஆள். மணி பதினொன்று ஐம்பத்தேழு. யூ.பி.எஸ். செத்துப்போய் ஒரு மாசம். செல்வி அந்த ஒரே ஆளைத் தட்டினாள். எல்லாம் முடிந்தது, ஜமாயுங்கள் என்று திரையில் வந்தது. கரண்ட் போனது.

இரண்டு மணிக்குத் திரை திரும்ப வெளிச்சமானபோது அவள் முதல் பதிவைத் திறந்தாள். தலைப்புக்குக் கீழே இருந்தது: எழுதியவர், பெ. குமரேசன், த/பெ பெரியசாமி, கிளியனூர். அடுத்த பதிவிலும் அதே. நூற்று நாற்பத்து மூன்றிலும் அதே. சைட்டின் செட்டிங்ஸுக்குள் போய்ப் பெயரை மாற்றினாள், ஒரு நிமிஷ வேலை. ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் அறுபத்தொரு பேர் படித்துவிட்டிருந்தார்கள். குமரேசனுக்கு எட்டு தடவை போன் போட்டாள். எடுக்கவில்லை.

மூன்று மணிக்கு ஒரு ஜீப் கடை வாசலில் ஏறி நின்றது. குமரேசனை இழுத்துக்கொண்டு நான்கு பேர் இறங்கினார்கள். வலது கையில் ஒரு துண்டைச் சுற்றியிருந்தார்கள். துண்டு எந்த நிறத்தில் இருந்தது என்று சொல்ல முடியாதபடி நனைந்திருந்தது. வாசல்படியிலிருந்து மூலைக் கம்ப்யூட்டர் வரை தரையில் சொட்டிக்கொண்டே வந்தது. வழக்கமாக அவன் உட்காருகிற நாற்காலியிலேயே தள்ளினார்கள்.

"செவ்வாக்கெழம ஆனா இங்க வந்து ஒத்த வெரல்ல தட்டுவானாமே," என்றான் பச்சைமுத்து, வெற்றிலையை மென்றுகொண்டே. "எந்த வெரலுன்னு கேட்டேன், சொல்லல. அதான் கல்லு மேல வச்சி சம்மட்டியால அஞ்சயும் பாத்துட்டோம்."

குமரேசன் செல்வியைப் பார்த்தான். வாயைத் திறந்து ஏதாவது திட்டியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள்.

பச்சைமுத்து முதல் மானிட்டரைத் தூக்கித் தரையில் அடித்தான். ஒரு தடியன் இரண்டாவதை உதைத்துச் சாய்த்தான். கண்ணாடி தெறித்தது. சாமி படத்துக்கு முன்னால் எரிந்த சின்ன பல்பு கூடத் தப்பவில்லை. மூன்றாவதையும் உடைக்கப் பச்சைமுத்து வேட்டியை மடித்துக் கட்டியபோது, வாசலில் போனை நோண்டிக்கொண்டிருந்தவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அண்ணா, இன்னும் வருதுண்ணா."

"இன்னாது வருது?"

"அந்த சைட்டுண்ணா. போன்ல வருது."

பச்சைமுத்து உடைந்து கிடந்ததைக் குனிந்து பார்த்தான். பெட்டியை உடைத்த பிறகும் உள்ளே இருந்தது சாகவில்லை என்பது அவனுக்குப் பெரிய அவமானமாகிவிட்டது. செல்வியின் கொண்டையைப் பிடித்து மேசையில் மோதினான். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

"எங்கடீ வச்சிருக்க அத்த?"

"இங்க இல்ல. வேற எங்கியோ இருக்குது. இது வழியா போயி அழிக்கணும்."

"ஜல்தி அழி. இல்லன்னா இன்னொரு கை இருக்குது பாரு இவனுக்கு."

மிச்சமிருந்த மூன்றாவது திரையில் அவள் அழித்தாள். ஒரு கண்ணை ரத்தம் மூடியிருக்க, மறு கண்ணால் பார்த்துப் புது சைட்டை அழித்தாள். அப்புறம் பழைய பிளாக். நிச்சயமாகவா என்று அது கேட்டது, ஆமாம் என்றாள். போன்காரன் தேடிப் பார்த்துத் தலையாட்டினான். அந்தத் திரையையும் உடைத்துவிட்டு, போகிற போக்கில் பச்சைமுத்து குமரேசனின் துண்டு சுற்றிய கையை மிதித்தான். அதற்குத் தேவையே இல்லை. குமரேசனின் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தில் செல்விக்கு உள்ளே ஏதோ அறுந்தது.

ஷட்டர் இழுக்கும் கொக்கிக் கம்பி கதவோரம் சாய்ந்திருந்தது. எடுத்து இரண்டு கையாலும் ஓங்கிப் பச்சைமுத்துவின் முகத்தில் போட்டாள். கொக்கி தாடையில் ஏறி இழுத்ததில் கன்னம் வாய்வரை பிளந்தது. வெற்றிலையும் ரத்தமுமாகத் துப்பிக்கொண்டு அவன் உட்கார்ந்துவிட்டான். இன்னொரு அடி போட அவளுக்கு ஆசைதான். மற்ற மூன்று பேரும் சேர்ந்து அவளைக் கீழே தள்ளி விலாவில் உதைத்தார்கள். மேம்பாலத்துக்குக் கீழே அத்தனை கடைக்காரர்களும் நின்று பார்த்தார்கள். அதில் பாதிப் பேருக்கு அவள்தான் விண்ணப்பம் நிரப்பித் தந்தவள்.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் குமரேசனின் நான்கு விரல்களை எடுத்தார்கள். கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. வராந்தாவில் நின்ற செல்வியிடம் சித்ரா நேராக வந்தாள். காலில் இருந்த செருப்பைக் கழற்றி அவள் கன்னத்தில் அடித்தாள். தையல் போட்ட புருவத்தில் அடித்தாள். தடுக்க வந்த நர்ஸைத் தள்ளிவிட்டு அடித்தாள்.

"பேர் எழுதறது தானடி உன் வேல? யாரு பேர எழுதுன? சொல்லு, யாரு பேர எழுதுன?"

செல்வி கையைத் தூக்கவே இல்லை. இன்னும் நாலு அடி விழுந்தால் தேவலை என்றுதான் இருந்தது அவளுக்கு.

நான்காம் நாள் காலை, விலாவில் கட்டுடன், அவள் கடையைத் திறந்தாள். கண்ணாடியைக் கூட்டி அள்ளும்போதுதான் மேசைக்கு அடியில் பார்த்தாள். மூன்று சி.பி.யூ.வும் ஒரு கீறல்கூட இல்லாமல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. முகத்தை உடைத்துவிட்டு மூளையை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் மடையர்கள். பக்கத்து ஸ்டூடியோவில் ஒரு மானிட்டரை இரவல் வாங்கி மாட்டினாள். டவுன்லோட்ஸில் அந்த ஃபைல் அப்படியே இருந்தது.

சைட்டைப் புதிதாகத் திறந்தாள். எழுதுகிறவரின் பெயர்க் கட்டம் வந்தது. இந்த முறை விரல்களை ஓடவிடவில்லை. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடித்தாள். ஆ. இருதயசெல்வி, த/பெ ஆரோக்கியசாமி, திண்டிவனம். ஃபைலைப் பிளகினுக்குக் கொடுத்தாள். யார் பெயரில் போடட்டும் என்று அது கேட்டது. பட்டியலில் இருந்தது ஒரே ஆள். பயமாகத்தான் இருந்தது. தட்டினாள்.

எழுத்தெல்லாம் வந்தது. கீழே வாசகர்கள் போட்ட கருத்துகளும் வந்தன. படங்கள் மட்டும் வரவில்லை. ஃபைலில் இருந்தது படங்கள் அல்ல, பழைய பிளாக்கில் அவை இருக்கும் விலாசம்தான், அந்த விலாசத்தைத்தான் அவள் கையாலேயே அழித்தாயிற்றே. கிணறு இருந்த இடத்தில் வெறும் கட்டம். அம்சா விழுந்த பாத்தி இருந்த இடத்தில் வெறும் கட்டம். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது வாசலில் சித்ரா நின்றாள்.

செல்வி எழுந்து கன்னத்தைக் காட்டுகிறவள் மாதிரி நின்றாள். சித்ரா செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தாள். திரையைப் பார்த்தாள். எழுத்துக் கூட்டிப் பெயரைப் படித்தாள்.

"உன் பேரா போட்டுக்கின?"

"ஆமாக்கா. தப்பு பண்ணவ நான்."

"இன்னிக்கி சாயங்காலத்துக்குள்ள வருவானுங்க."

"வரட்டும்."

சித்ரா மடியிலிருந்து போனை எடுத்தாள். ஆபரேஷனுக்கு முன்னால் துண்டை அவிழ்த்தபோது பிடித்த படம். செல்வி பார்த்த மாத்திரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அப்புறம் வலிய திரும்பிப் பார்த்தாள்.

"அந்த காலி கட்டத்துல இத்த போடு," என்றாள் சித்ரா. "எவன் அடிச்சான், எங்க வச்சி அடிச்சான், நான் சொல்றேன், நீ எழுது. பேரு தெரியக் கூடாதுன்னு பதுங்கிக்கினு இருந்தோம், தேடி வந்து அடிச்சான். பேரு ஊருக்கே தெரியட்டும். எனக்கு எதுனா ஒண்ணு ஆனா எவன்னு எல்லாருக்கும் தெரியும்ல. அவரு கிட்ட கேட்டுட்டேன். எழுத அவருக்குக் கை இல்ல, எனக்கு இருக்குது."

"அக்கா, அத்த என் பேர்லயே போட்டுடறேன். நீங்க வாணாம்."

சித்ரா பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு கார்டை எடுத்து மேசைமேல் அறைந்தாள். குமரேசனின் பெயருக்குக் கீழே இரண்டாவது வரியில் அவள் பெயர் இருந்தது.

"இதுல இருக்கிற மாதிரியே போடு," என்றாள். "ஒரு எழுத்து மாறக் கூடாது."

செல்வி புதுக் கணக்குக்கான கட்டத்தைத் திறந்தாள். ஷட்டர் கம்பியை இழுத்து இருவருக்கும் நடுவில் சாய்த்து வைத்துவிட்டு, கார்டைப் பார்த்து அடிக்கத் தொடங்கினாள்.