உயிரில்லாத வார்த்தை

பல் டாக்டருக்கு வாரம் முழுக்கத் திறந்த வாய்களோடுதான் பேச்சு. "ஆ", "ஓ" தவிர வேறு பதில் வராது. அதனால் ஞாயிறு மதியம் நாத்தனார் வீட்டில் ஆங்கில எழுத்துக்கட்டைகளை அடுக்கி வார்த்தை கோக்கும் விளையாட்டென்றால் அவளுக்குக் கொள்ளைப் பிரியம். கண்ணாடிக் கடை வைத்திருக்கும் நாத்தனாரும் அவளும் ஆடுவார்கள். பல் டாக்டரின் கணவன் சோபாவில் சாய்ந்தபடி நடுவர் வேலை பார்ப்பான்.

அன்று நாத்தனார் சி, டபிள்யூ, எம் என்று மூன்றே கட்டைகளை வைத்தாள்.

"இதென்ன, உயிரெழுத்து ஒண்ணுகூட இல்ல?"

"மலையில இருக்கற பள்ளம், அண்ணி. அகராதியில இருக்கு."

"என் தங்கச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று சோபாவிலிருந்து தீர்ப்பு வந்தது. பல் டாக்டரும் மறுக்காமல் புள்ளியைக் குறித்துக்கொண்டாள்.

அடுத்த சுற்றில் அவளுக்கும் மெய்யெழுத்துகளாகவே வந்து விழுந்தன. யோசித்து பி, எஸ், எஸ், டி என்று வைத்தாள். யாரையாவது ரகசியமாகக் கூப்பிடும் "ப்ஸ்ஸ்ட்".

நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். "அண்ணி, இது சத்தம்! வார்த்தையா?"

"செல்லாது," என்றான் கணவன், போனிலிருந்து தலையைத் தூக்காமலே. "உயிரே இல்லாத பொணத்தக் கொண்டுவந்து வெச்சா எப்படி?"

அவளுக்குச் சுருக்கென்றது.

"உங்க தங்கச்சி வெச்சதுக்கு மட்டும் உயிர் இருந்துச்சா? அவ வெச்சா மலை, நான் வெச்சா பொணமா? கையிலதானே போன் இருக்கு, பாத்துட்டுச் சொன்னா விரல் தேஞ்சா போயிடும்?"

"விளையாட்டுதானே, விடேன்."

"விளையாட்டுன்னா விதி ரெண்டு பேருக்கும் ஒண்ணா இருக்கணும். பாருங்க!"

பார்த்தான். இரண்டு வார்த்தையுமே இருந்தன. முகம் சிறுத்துப் போயிற்று. "சரி, புள்ளிய எடுத்துக்க."

"புள்ளி யாருக்கு வேணும்? பாக்காமலே சொன்னேன்னு ஒத்துக்குங்க."

அவன் தங்கையைப் பார்த்தான். அவள் உதவிக்கு வரவில்லை. "பாக்காமதான் சொன்னேன்," என்று முனகினான்.

"வாயத் திறந்து சொல்லுங்க!"

சொன்னான்.

ஆட்டத்தில் பல் டாக்டர் தோற்றுத்தான் போனாள். அது உறைக்கவில்லை. திரும்பும் வழியெல்லாம் மனசு கொதித்தது வேறொன்றுக்காக: கல்யாணமான நாளிலிருந்து இப்படித் தலையைத் தூக்காமலே எத்தனை "செல்லாது" சொல்லியிருப்பான், தானும் எத்தனைக்கு வாய் மூடி இருந்திருப்பாள்!

சனிக்கிழமை நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, நாளைக்குக் கண்டிப்பா வாங்க. நடுவர மட்டும் வீட்டுலயே விட்டுட்டு வந்துடுங்க."