காதுக்கு அடுக்கிய ஃபோல்டர்கள்

எனக்குக் கண் தெரியாது. பிறந்ததிலிருந்தே அப்படித்தான். இதைக் கேட்டதும் குரலைத் தாழ்த்தி உச்சுக்கொட்டுகிறவர்கள் உண்டு. அவர்களோடு மல்லுக்கட்ட எனக்கு நேரமில்லை. நான் புரோகிராம் எழுதுகிறவள். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதற்கு வாயாடி என்று பெயர் வைத்திருக்கிறேன். அது பேசும் வேகத்தில் மற்றவர்களுக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது. எனக்கு அதுவும் போதாமல் இன்னும் கொஞ்சம் முடுக்கிவிடுவேன்.

இந்த ஆபீசில் சேர்ந்த முதல் நாளே டீம் லீடர் என் மேசைக்கு வந்தார். "தப்பா எடுத்துக்காதம்மா, ஹெட்போன் போட்டுக்கோ. இந்தச் சத்தம் எல்லாருக்கும் தலைவலியா இருக்கு" என்றார். போட்டுக்கொண்டேன். தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன், ஆனால் அதை யாரும் கேட்கவில்லை.

நாங்கள் செய்வது பேருந்து நிலையங்களுக்கான புரோகிராம். எந்த வண்டி எந்தப் பிளாட்ஃபாரத்தில் நிற்கும் என்று அது பலகையில் காட்டும், ஒலிபெருக்கியிலும் சொல்லும். இரண்டு நிலையங்களில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது, மூன்றாவது தயாராகிக்கொண்டிருந்தது. நல்ல வேலைதான். ஆனால் புரோகிராம் எழுதும் எடிட்டரைத் திறந்து, ஓரத்தில் இருக்கும் ஃபைல் வரிசைக்குப் போய், ஒவ்வொன்றாகக் கீழே இறங்க ஆரம்பித்ததும் எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

ஃபோல்டர் என்று பேருக்கு நாலைந்து. மற்றதெல்லாம் வெளியே, துவைக்கப் போட்ட துணி மாதிரி ஒரே குவியல். லீடருக்குக் கலர் மேல் பித்து. எடிட்டரில் எதையோ சேர்த்துவைத்து, தொடக்கூடாத ஃபைலுக்குச் சிவப்பு, தொடலாம் என்றால் பச்சை, யோசித்துத் தொடு என்றால் மஞ்சள் என்று ஓர் ஏற்பாடு செய்திருந்தார். அவர் இல்லாதபோது எல்லோரும் அவரைக் கலர் சார் என்றுதான் சொல்வார்கள். கலரைப் பற்றி வாயாடி மூச்சு விடாது. அது பத்தாதென்று, முக்கியமான ஃபைல்கள் மேலே வர வேண்டும் என்பதற்காகப் பெயருக்கு முன்னால் சின்னச் சின்னப் படங்களை வேறு ஒட்டிவைத்திருந்தார். ஆக, காலையில் உட்கார்ந்ததும் என் காதில் விழுந்தது இதுதான்: "தீ தீ போர்டு. தீ போர்டு நியூ. நட்சத்திரம் யூட்டில்ஸ். மண்டை ஓடு ரூட். வாழைப்பழம்."

வாழைப்பழம் என்ன என்று எதிர் மேசை டெஸ்டர் அக்காவிடம் கேட்டேன்.

"அது வாய்ஸ் ஃபைலுடி. அன்னிக்கு சார் பசியில இருந்திருப்பாரு" என்றாள்.

கண் தெரிந்தவர்கள் ஒரே பார்வையில் மொத்த வரிசையையும் மேய்ந்து, சிவப்பைக் கண்டுபிடித்து, போய்விடுகிறார்கள். எனக்கு ஒன்றன் பின் ஒன்றாகத்தான் வரும். பாதி தூரம் போவதற்குள் எதைத் தேடினோம் என்பதே மறந்துபோகும். ஃபைலின் பெயர் தெரிந்தால் நேராகத் தேடிப் பிடிக்கலாம். வாழைப்பழம் என்று யார் தேடுவார்கள்? அதனால் எடுத்ததற்கெல்லாம், "அக்கா, இது எங்க இருக்கு? அது எங்க இருக்கு?" என்று கேட்டபடி இருந்தேன். அக்கா ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. குரலில் சுளிப்பிருந்தால் எனக்குத் தெரிந்துவிடும். இருந்தாலும் கேட்கிற ஒவ்வொரு முறையும் எனக்குள் ஏதோ ஒன்று சுருங்கியது. எழுதத் தெரிந்தவள், தேடத் தெரியாதவள் என்று பேர் வாங்குவது எனக்குப் பிடிக்கவில்லை.

என் வீட்டில் இந்தக் கூத்தெல்லாம் நடக்காது. என் வீட்டுக்காரர் எலெக்ட்ரீஷியன். கல்யாணமான புதிதில் ஒரு நாள் உப்பு டப்பாவைச் சர்க்கரை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் காபி கேட்டார். போட்டுக் கொடுத்தேன். வாயே திறக்காமல் முழுவதையும் குடித்தார். டம்ளரைக் கழுவினார். டப்பாவை அதன் இடத்துக்கு மாற்றினார். அதன் பிறகுதான் கிளம்பினார். நடந்ததைச் சாயங்காலம் அவரே சொல்லிச் சிரித்தார். அன்றிலிருந்து எங்கள் அடுப்படியில் ஒரு கரண்டிகூட இடம் மாறியதில்லை.

ஆபீஸ் குவியலைப் பற்றி ஒரு நாள் அவரிடம் புலம்பினேன்.

"நீயே அடுக்கிட வேண்டியதுதானே" என்றார்.

"அடுத்தவங்க அடுப்படிங்க அது. நான் போய் எப்படிக் கை வைக்கிறது?"

"பொழுதன்னிக்கும் அங்கதானே கெடக்கற. உன் அடுப்படியும்தான் அது."

மறுநாள் கலர் சாரிடம் போய்க் கேட்டேன். ஒரு வரி புரோகிராம்கூட மாற்ற மாட்டேன், இருப்பதை ஃபோல்டர்களாகப் பிரித்து அடுக்க மட்டும் செய்வேன் என்றேன். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளுகிற சத்தம் கேட்டது. அவர் யோசிக்கிறார் என்று அதற்கு அர்த்தம்.

"இத்தனை வருஷமா ஓடிட்டிருக்கிறதும்மா. எது எங்க இருக்குன்னு எனக்குத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் தெரியும்."

"உங்களுக்குத் தெரியும் சார். உங்களை எழுப்பணுமே."

டெஸ்டர் அக்கா தும்முவது போல் சிரித்தாள். சாருக்கும் கோபம் வரவில்லை போலிருக்கிறது. "சரி. மூணாவது ஸ்டேஷனுக்கு மட்டும் உன் அடுக்கை வெச்சுப் பாக்கலாம். ஒரு சின்னப் பிரச்சினை வந்தாலும் பழையபடி மாத்திடுவேன். அதுக்கப்புறம் இந்தப் பேச்சையே நீ எடுக்கக் கூடாது" என்றார்.

ஒரு கை பார்த்துவிடுவது என்று இறங்கினேன். எனக்கு நானே சில சட்டங்கள் போட்டுக்கொண்டேன். எந்தப் பெயரையும் ஒரே மூச்சில் சொல்ல முடிய வேண்டும். பெயரைக் கேட்டதும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். எந்த ஃபோல்டரைத் திறந்தாலும், முழுதாகக் கேட்டு முடிக்கும்போது முதலில் கேட்டது நினைவில் இருக்க வேண்டும். தீயையும் மண்டை ஓட்டையும் எடுத்தேன். யூட்டில்ஸ் என்ற பெயரில் ஒளிந்திருந்த ஊர்ப்பட்ட சாமான்களைப் பிரித்து, அதனதன் சொந்தக்காரர்களிடம் சேர்த்தேன். கடைசியில் மேல்மட்டத்தில் மிஞ்சியவை போர்டு, பிளாட்ஃபாரம், ரூட், டிக்கெட், வாய்ஸ். அவ்வளவுதான். பிளாட்ஃபாரத்துக்குள் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு ஃபோல்டர். பலகைக்கான எண் ஒரு மூலையிலும் ஒலிபெருக்கிக்கான எண் இன்னொரு மூலையிலும் கிடந்தன. இரண்டையும் அந்தந்த எண்ணின் ஃபோல்டருக்குள் கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

ஃபைலை நகர்த்துவது டப்பாவை நகர்த்துவது போல் அல்ல. பழைய முகவரியை நம்பி மற்ற ஃபைல்கள் அதைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். எடிட்டரே, "முகவரிகளை மாற்றிவிடட்டுமா?" என்று கேட்கும்; சரி என்றால் மாற்றிவிடும். ஆனால் அதன் கண்ணிலும் மண் விழும் இடங்கள் உண்டு. குரல் பதிவுகளின் முகவரியை இந்தப் புரோகிராம் துண்டு துண்டாக ஒட்டி உண்டாக்குகிறது என்பது அதற்குத் தெரியவில்லை. நகர்த்தி முடித்து ஓட்டிப் பார்த்தால் பலகை வேலை செய்கிறது, ஒலிபெருக்கி ஊமை. அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துச் சரிசெய்தேன். டெஸ்டர் அக்கா விடாப்பிடியாக எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, "பேசுதுடி" என்றாள்.

மூன்றாவது நிலையத்தில் என் அடுக்கு ஏறியது. கொஞ்ச நாள் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

அப்புறம் ஒரு மத்தியானம் கலர் சாரின் போன் அடித்தது. அந்த நிலையத்தின் டிக்கெட் கவுண்டரில் இருக்கும் அம்மா. சார் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், ஆறாவது பிளாட்ஃபாரத்துக்கு முன்னாடி தோண்டிப் போட்டுட்டாங்க. வண்டியெல்லாம் இப்ப ஒன்பதுலதான் நிக்குது. ஆனா உங்க போர்டு இன்னும் ஆறுன்னே காட்டுது, மைக்கும் ஆறு ஆறுன்னு கத்துது. ஜனங்க பையைத் தூக்கிக்கிட்டுக் குழியைப் பாத்து ஓடறாங்க. ஒரு பெரியவர் விழப் பாத்தாரு."

"இருங்கம்மா, இங்கிருந்தே மாத்திடறேன்."

"எங்க மாத்துவீங்க? தோண்டினவன் இன்டர்நெட் வயரையும் சேத்து வெட்டிட்டான்."

பிளாட்ஃபாரத்தை மாற்றுவதற்கென்று தனித் திரை எதையும் நாங்கள் இன்னும் எழுதியிருக்கவில்லை. யாராவது ஃபைலைத் திறந்துதான் எண்ணை மாற்ற வேண்டும். இப்போது அந்த யாராவது, கவுண்டர் அம்மாதான். நிலையத்து கம்ப்யூட்டரில் எடிட்டர் இருந்தது. கலர் சாரின் ஏற்பாடுகள் எதுவும் அதில் இல்லை.

சார் அந்தம்மாவை எடிட்டரைத் திறக்க வைத்தார். "இடது பக்கம் பாருங்க. சிவப்பா ஒரு ஃபைல் இருக்கும்."

"இங்க எல்லாம் ஒரே நெறம்தான் சார்."

"மேலயே இருக்கும்மா, நெருப்புப் படம் போட்டு."

"நெருப்பா? இங்க எங்க சார் நெருப்பு?" அந்தம்மா நிஜமாகவே பயந்துபோனாள்.

பழைய அடுக்கு அவர் கண்ணுக்குள்ளேயே இருந்தது. அதை வைத்துக்கொண்டு புது அடுக்கில் தேடினார். மூன்றாவது, இல்லை நாலாவது என்றார். அந்தம்மா எதையோ திறந்து எதையோ மூடினாள். பின்னாலிருந்து யாரோ திட்டுவது கேட்டது. கடைசியில் சார் போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பிச் சீறினார்.

"இதுக்குத்தான் வேண்டாம்னேன். எதுவும் இருந்த எடத்துல இல்ல. கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்கு."

இதோடு என் அடுக்கு போயிற்று என்று எனக்குத் தெரிந்தது. மறுபடியும் தீ, மறுபடியும் மண்டை ஓடு, மறுபடியும் "அக்கா, அது எங்க இருக்கு?" எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

"எனக்குப் பழகின காடுதான் சார். போனைக் குடுங்க" என்று கையை நீட்டினேன்.

கொஞ்சம் தயங்கிவிட்டுக் கொடுத்தார்.

"அம்மா, நீங்க எதையும் தேட வேணாம். திறந்ததெல்லாம் மூடிட்டு, மேலேருந்து ஒவ்வொண்ணா எனக்குப் படிச்சுக் காட்டுங்க."

"போர்டு... பிளாட்ஃபாரம்... ரூட்டு..." வாயாடியைவிட நிதானமான குரல்.

"அதுல பிளாட்ஃபாரம். அதைத் திறங்க."

"திறந்துட்டேன். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு... அட, ஆறு இருக்கும்மா. இதுதானே?"

"அதேதான்."

"உள்ள ரெண்டு இருக்கு. போர்டு ஒண்ணு, வாய்ஸ் ஒண்ணு. ஓ, இது எழுதிக் காட்டறது, அது கத்தறது. சரியா?"

நான் சொல்வதற்கு முன்னால் அவளே சொல்லிவிட்டாள். இரண்டிலும் ஆறு இருக்கும் இடத்தில் ஒன்பது போட்டு சேவ் பண்ணச் சொன்னேன். கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் போனுக்குள் தூரத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. அடுத்த வண்டி ஒன்பதாவது பிளாட்ஃபாரத்திலிருந்து புறப்படும் என்று அது சொன்னதை ஆபீசில் எல்லோரும் கேட்டோம்.

"மாறிடுச்சும்மா, போர்டும் மாறிடுச்சு. ஜனங்க திரும்பறாங்க" என்றாள் அந்தம்மா. பெரிதாக மூச்சு விட்டுவிட்டு, "யாரும்மா இதை இப்படி வெச்சது? இந்தக் கம்ப்யூட்டரைத் தொடவே எனக்குப் பயம். இது அடுக்கி வெச்ச அலமாரி மாதிரி இருக்கே" என்றாள்.

"நான்தாம்மா" என்றேன். அதைக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அடக்கமாகச் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

போனை வைத்த பிறகு கலர் சாரின் நாற்காலி பின்னால் போகும் சத்தம் கேட்டது. இந்த முறை அவர் எழுந்து என் மேசைக்கு வந்தார். என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் என் கம்ப்யூட்டரிலிருந்து ஹெட்போன் வயரைப் பிடுங்கினார்.

"எங்க, மேலேருந்து படிக்கச் சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்" என்றவர், ஒரு விநாடி கழித்து, "கொஞ்சம் மெதுவா" என்றார்.

இந்த ஆபீசில் முதல் தடவையாக வாயாடியின் வேகத்தைக் குறைத்தேன். அது ஒவ்வொரு ஃபோல்டராக வாசித்துக்கொண்டு போனது. சார் என் பக்கத்திலேயே நின்று கேட்டார். முடிந்ததும், "மத்த ரெண்டு ஸ்டேஷனையும் இப்படியே மாத்திடு" என்றார். பிறகு, எதையோ தொலைத்தவர் மாதிரி, "என் வாழைப்பழம் எங்க?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள், "வாய்ஸ்லதான் சார் இருக்கும். பேரைக் கேட்டாலே தெரியுதே" என்றாள் டெஸ்டர் அக்கா.

ஹெட்போனைச் சுருட்டி மேசையின் கீழ் டிராயரில், இடது மூலையில் வைத்தேன். அன்றிலிருந்து அது அங்கேயேதான் இருக்கிறது.